பூங்கா கண்ட வால்ட் டிஸ்னி

குழந்தைகளை ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லுதல் எளிய செயல்போலத் தோன்றும். ஆயினும் அதனை நன்கு செய்து முடிப்போர் சிலரே. பெரியோர் தம் விருப்பப்படியே நடந்தால் குழந்தைகள் சோர்ந்து அழுவர். குழந்தைகளின் விருப்பப்படியே யாவும் நடந்தால் பெரியோர் ஓரமாக அமர்ந்து கொட்டாவி விடுவர். இரு சாராரும் ஒருங்கே மகிழ்ந்து திரும்பும் ஒரு நாளை அமைப்பது எவ்வாறு என்று ஆண்டுக்கணக்கில் சிந்தித்து, அச் சிந்தனைக்கு மண்ணிலும் மரத்திலும் வடிவம் தந்தார் ஒருவர். அவரே அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி.

இளமையும் வறுமையும்

வால்ட் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையார் இலியாஸ், தாயார் புளோரா. தந்தையார் கடின உழைப்பாளி. ஆனால் மேற்கொண்ட தொழில் எதிலும் அவருக்குச் செல்வம் நிலைக்கவில்லை. 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற உலகப் பெருங்காட்சியின் கட்டடங்களை எழுப்பிய தச்சர்களுள் அவரும் ஒருவர்.

1906ஆம் ஆண்டு இக்குடும்பம் மிசௌரி மாநிலத்திலுள்ள மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பண்ணை. அருகே புகைவண்டிப் பாதை. ஊர் நடுவே சிறுகடைகள் நிறைந்த ஒரு தெரு. சிறுவன் வால்ட் பண்ணை விலங்குகளைப் படமாக வரைந்தான். புகைவண்டியின் ஒலி கேட்டு ஓடி நின்றான். அவ்வூரில் வாழ்ந்த காலம் சில ஆண்டுகளே. ஆயினும் அத் தெருவும் அவ் வண்டியும் அவன் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

பண்ணைத் தொழில் நலிந்தது. 1911ஆம் ஆண்டு குடும்பம் கான்சஸ் நகரை அடைந்தது. அங்கே தந்தையார் செய்தித்தாள் விற்பனையை மேற்கொண்டார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, பனி கொட்டும் தெருக்களில் நடந்து, வீடுதோறும் தாள்களை இட்டுவந்தனர். செல்வர் வீட்டுத் திண்ணைகளில் சில வேளை குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் கிடக்கும். இருள் பிரியாத அவ்வேளையில் வால்ட் சிறிது நேரம் அவற்றோடு விளையாடுவான். பிறகு எடுத்த இடத்திலேயே அவற்றை ஒழுங்காக வைத்துவிட்டு நடையைத் தொடர்வான். இதனைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். விளையாட்டு என்பது எத்துணை அரிய பொருள் என்பதை அக் குளிர்ந்த விடியற்காலங்கள் அவருக்கு உணர்த்தின.

சித்திரத் தொழில்

முதல் உலகப்போர் முடிவுற்ற காலத்தில், வயது நிரம்பாத இளைஞராகிய வால்ட் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சு நாட்டில் வண்டி ஓட்டினார். நாடு திரும்பியதும் ஓவியம் வரைந்து பிழைக்க முற்பட்டார். கான்சஸ் நகரில் அவர் தொடங்கிய படநிறுவனம் 1923ஆம் ஆண்டு கடனில் மூழ்கியது. அவர் மனம் தளரவில்லை. அவ்வாண்டே ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய நிறுவனம் ஒன்றை நிறுவினார். தம்பி கனவு காண்பவர். அண்ணன் கணக்குப் பார்ப்பவர். இவ் இருவர் இணைப்பே பின்னைய வெற்றிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1928ஆம் ஆண்டு மிக்கி மௌஸ் என்னும் சுண்டெலி, ஒலியோடு இயைந்த சித்திரப்படத்தில் தோன்றி உலகைக் கவர்ந்தது. 1937ஆம் ஆண்டு முழுநீளச் சித்திரப்படமாகிய ஸ்நோ ஒயிட் வெளிவந்தது. புகழும் பொருளும் வந்தெய்தின. இவ்வளவில் அவர் நின்றிருப்பாராயின் சித்திரப்படக் கலைஞராக மட்டுமே அறியப்பட்டிருப்பார்.

விசிப்பலகையில் தோன்றிய எண்ணம்

டிஸ்னிக்கு டயான், ஷாரன் என்னும் பெண்மக்கள் இருவர். வார இறுதியில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அவர் இச் சிறுமியரை வெளியே அழைத்துச் செல்வார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் மரக்குதிரைகள் பூட்டிய குடை இராட்டினம் ஒன்று உண்டு. மக்கள் அதில் ஏறிச் சுற்றிவருவர். தந்தையாகிய டிஸ்னி விசிப்பலகையில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். தமக்கும் அங்கே செய்வதற்கு ஏதேனும் இருத்தலாகாதா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத்தக்க இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவ் இருக்கையிலேயே வேரூன்றியது.

அக்காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் பல தூய்மையற்றுக் கிடந்தன. அங்குப் பணியாற்றியோர் சிலரிடம் பணிவும் இல்லை. தம் கணவர் பூங்கா அமைக்க விரும்புகிறார் என்று அறிந்த மனைவியார் லிலியன், அழுக்கு நிறைந்த அத்தகைய இடம் நமக்கு எதற்கு என்று வினவினாராம். தம் பூங்கா அவ்வாறு இராது என்பதே டிஸ்னியின் விடை.

அவர் உடனே மண்ணை வெட்டத் தொடங்கவில்லை. முதலில் காணத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த புகைவண்டிப் பொருட்காட்சியைக் கண்டார். 1951ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில், 1843ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் திவோலிப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தார். அங்கே மலர்ப் பாத்திகள் செழித்திருந்தன, விளக்குகள் ஒளிர்ந்தன, வழிகள் தூய்மையாக இருந்தன, முதியோரும் சிறுவரும் குடும்பத்தோடு உலவினர். தாம் நாடிய பொருளின் ஒரு சாயலை அவர் அங்குக் கண்டார்.

இடர்களும் துணிவும்

எண்ணத்தைச் செயலாக்கப் பொருள் தேவைப்பட்டது. நிறுவனத்தின் பணத்தை இதில் இட அண்ணன் ராய் முதலில் தயங்கினார். வங்கியாளரும் முகங்கொடுக்கவில்லை. எனவே டிஸ்னி தம் ஆயுள் காப்புறுதியின்மீது கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்சில் இருந்த தம் ஓய்வில்லத்தை விற்றார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தேடிய செல்வத்தையெல்லாம் ஒரு பூங்காவுக்காகப் பணயம் வைத்தார் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

இடத்தைத் தேர்வதிலும் அவர் ஊகத்தை நம்பவில்லை. 1953ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் மக்கள்தொகை, தட்பவெப்பம், சாலை வசதி ஆகியவற்றை ஆய்ந்து அனஹைம் என்னும் ஊரைப் பரிந்துரைத்தனர். அங்கே 160 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஆரஞ்சுத் தோட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் ஹெர்ப் ரைமன் என்னும் ஓவியர், டிஸ்னி அருகிருந்து விளக்க விளக்க, சனி ஞாயிறு ஆகிய இரண்டே நாள்களில் பூங்காவின் முழுப் படத்தையும் வரைந்து தந்தார். ராய் அப்படத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்றார். 1954ஆம் ஆண்டு ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. டிஸ்னி வாரந்தோறும் நிகழ்ச்சி வழங்கவும், அந்நிறுவனம் பூங்காவுக்குப் பொருளுதவி செய்யவும் இசைந்தனர். அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய கட்டட வேலை ஏறக்குறைய ஓராண்டில் முடிந்தது. செலவு 1 கோடியே 70 இலட்சம் டாலர்.

ஒரு நாளுக்கென ஒரு திட்டம்

டிஸ்னிலாந்து எனப் பெயர்பெற்ற அப்பூங்காவின் அமைப்பில் ஒவ்வொன்றும் காரணம் பற்றியே அமைந்தது. வாயில் ஒன்றே வைக்கப்பட்டது. ஆதலால் வருவோர் அனைவரும் ஒரே வழியாகப் புகுந்து ஒரே வழியாக வெளியேறினர். வழி தவறிய குழந்தையைத் தேடுவதும் எளிதாயிற்று. உள்ளே நுழைந்ததும் பழைய சிற்றூரின் கடைத்தெரு ஒன்று காணப்படும். மார்சலின் ஊரின் நினைவே அதில் வடிவம் பெற்றது. அதன் மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டமையால் சிறுவர்க்கு அச்சம் தரும் உயரம் அங்கே இல்லை. தெருவின் எல்லையில் ஒரு கோட்டை நின்று கண்ணை ஈர்க்கும். அதன்முன் வட்டமான நடுவிடம். அங்கிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல வழிகள் பிரியும். எப்பக்கம் சென்றவரும் களைப்புற்றால் நடுவிடத்துக்கே திரும்பலாம்.

பூங்காவைச் சூழ மண்மேடு எழுப்பப்பட்டது. வெளியுலகின் மின்கம்பமும் கட்டடமும் அதனால் கண்ணுக்கு மறைந்தன. அம்மேட்டின்மீது நீராவிப் புகைவண்டி சுற்றிவந்தது. நடக்கமாட்டாத பாட்டியும் கைக்குழந்தையும் அதில் அமர்ந்தே பூங்காவை வலம்வர முடிந்தது. இராட்டினத்து மரக்குதிரைகள் யாவும் தாவும் குதிரைகளாகவே இருக்க வேண்டும் என்றார் டிஸ்னி. அசையாத குதிரையில் அமர்ந்து ஏமாறும் குழந்தை ஒன்றுகூட இருத்தலாகாது என்பது அவர் கருத்துப் போலும்.

தொடக்க நாளின் துன்பம்

1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. அழைக்கப்பட்டோர் மட்டுமின்றிப் போலி அனுமதிச் சீட்டுடனும் பலர் நுழைந்தனர். வெயில் கொளுத்தியது. புதிதாக இட்ட தார் இளகி மகளிரின் காலணிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையோ கழிப்பறைகளையோ ஒன்றை மட்டுமே முடிக்கக் காலம் இருந்தது, கழிப்பறைகளே முடிக்கப்பட்டன. குழந்தைகள் தாகத்தால் வாடினர். எரிவாயுக் கசிவால் ஒரு பகுதி மூடப்பட்டது. அத்தனையும் நாடெங்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பான நாளிலேயே நிகழ்ந்தன. மறுநாள் செய்தித்தாள்கள் பழித்துரைத்தன.

டிஸ்னி சினந்து பேசவில்லை; குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். பொதுமக்களுக்கென வாயில் திறந்த 18ஆம் நாள் முதலில் வந்த சிறார் இருவரைத் தாமே வரவேற்றார். ஏழு வாரங்களில் பத்து இலட்சம் பேர் வந்து சென்றனர். தீயணைப்பு நிலையம்போல அமைந்த கட்டடத்தின் மாடியில் அவர் தமக்கெனச் சிற்றில்லம் ஒன்று வைத்திருந்தார். அங்குத் தங்கியும், மக்களோடு வரிசையில் நின்றும், அவர் முகத்தில் தோன்றும் களிப்பையும் களைப்பையும் கவனித்தார். விசிப்பலகை எண்ணத்துக்குக் காரணமாயிருந்த சிறுமியர் அதற்குள் வளர்ந்து பெரியவராகிவிட்டனர். ஆயினும் பிறர் குழந்தைகளைத் தம் குழந்தைகளாகக் கருதி அவர் உழைத்தார்.

குறுகிய நாளும் நிறைந்த மகிழ்வும்

அவ்வாண்டு அக்டோபர் முதல் சீட்டுக் கட்டுகள் விற்கப்பட்டன. எட்டுச் சீட்டுகள் கொண்ட கட்டின் விலை, பெரியவர்க்கு இரண்டரை டாலர். சீட்டுகள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எனவே வாயிலில் நுழைந்த குடும்பம், எதனைக் காண்பது, எதனை விடுப்பது என்று கலந்து பேச வேண்டியதாயிற்று. 1982ஆம் ஆண்டு வரை இம்முறை இருந்தது. பிறகு அது மறைந்தாலும் அது கற்பித்த பாடம் மறையவில்லை.

சிறுவரை முதன்முறையாக இத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்வோர், அனைத்தையும் ஒரே நாளில் கண்டுவிட முயலலாகாது. மூன்று நான்கினை முன்னரே தேர்ந்துகொள்ளுதல் நன்று. அத் தேர்வில் குழந்தைகளுக்கும் இடம் தருதல் வேண்டும். உயர வரம்பால் தடுக்கப்படும் ஆட்டங்களை வீட்டிலேயே எடுத்துரைத்தால், வாயிலில் கண்ணீர் இராது. கூட்டமும் வெயிலும் மிகுமுன் காலையிலேயே செல்லுதல், பசி வருமுன் உணவு தருதல், பிரிந்தால் கூடுதற்கு ஓர் இடம் குறித்தல் ஆகியன மறக்கத்தகாதவை. இளைய குழந்தையின் கால் வலிமையே பயணத்தின் அளவுகோல். அக் குழந்தை சோருமுன் திரும்பினால், மீண்டும் எப்போது வருவோம் என்று அதுவே கேட்கும்.

இறுதிக் காலம்

1961ஆம் ஆண்டு நம் பிரதமர் நேரு அமெரிக்கா சென்றபோது, டிஸ்னிலாந்துக்கும் வருகை தந்தார். டிஸ்னியே அவரை உடன் அழைத்துச் சென்று காட்டினார். புளோரிடா மாநிலத்தில் இதனினும் பெரிய பூங்கா அமைக்க டிஸ்னி நிலம் வாங்கினார். அது முற்றுப்பெறுவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. நெடுங்காலப் புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்கு வழிவகுத்தது. 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தம் 65ஆம் வயதில் அவர் மறைந்தார். ஓய்வு பெற எண்ணியிருந்த அண்ணன் ராய், தம்பியின் கனவை நிறைவேற்றுதற்காகவே பணியைத் தொடர்ந்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புளோரிடாப் பூங்கா திறக்கப்பட்டது. தம்பியின் பெயர் என்றும் நிற்றற்பொருட்டு அதற்கு வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்று பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரும் உயிர் நீத்தார்.

பிறர் வீட்டுத் திண்ணையில், பிறர் விளையாட்டுப் பொருளை இருளில் தொட்டுவிட்டு வைத்துச் சென்ற சிறுவன், பெரியவனானபின் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரு விளையாட்டிடம் அமைத்தான். தனக்குக் கிடைக்காததைப் பிறர்க்குக் கிடைக்கச் செய்தலே அவன் கண்ட இன்பம். அனஹைமில் அச் சிற்றில்லத்தின் சாளரத்தருகே அவர் நினைவாக ஒரு விளக்கு ஏற்றிவைக்கப்பட்டுள்ளது. அதன் கீழே, தந்தையின் தோள்மீது அமர்ந்த குழந்தைகள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.