மூன்று முறை ஃபெயில் ஆனவர் செய்த குட்டிக் கார்!

சுட்டீஸ், ஹேண்டில்பார் லூசான சைக்கிளை ஓட்டியிருக்கிறீர்களா? நீங்கள் வலது பக்கம் திருப்புவீர்கள். சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்! அதுவும் வெள்ளகோவிலில் லாரியும் பஸ்ஸும் பறக்கிற கரூர் ரோட்டில் அப்படி நடந்தால்? வயிற்றில் பக்கென்று இருக்கும். நட்டை இறுக்கிவிட்டால் அதே சைக்கிள் சொன்னபடி கேட்கும். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூடக் கைக்குத் தெரியும்.

கார்களும் அப்படித்தான். ஓட்டுபவரின் கைக்குச் சாலையைக் காட்டிய ஒரு குட்டிக் காரை உருவாக்கியவரின் கதைதான் இது. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னா துறைமுக நகரில், 1906-ம் ஆண்டு நவம்பர் 18-ம் தேதி அவர் பிறந்தார். அப்பா கப்பல் எஞ்சின் பட்டறை நடத்தி வந்தார். பையனுக்கு அந்தப் பட்டறையே விளையாட்டு மைதானம்!

1922-ல் எல்லாம் தலைகீழானது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போரின் முடிவில், வீடு, பட்டறை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு பிரிட்டிஷ் கப்பலில் ஏறி மால்டா தீவுக்கு ஓட வேண்டியதாயிற்று. ஸ்மிர்னா பெருந்தீயில் எரிந்தது. விரைவிலேயே அப்பாவும் இறந்துபோனார். 1923-ல் அம்மாவும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டனில் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் சேர்ந்தார் அலெக். அங்கே ஒரு வில்லன் காத்திருந்தான். யார் தெரியுமா? கணக்குப் பாடம்தான்! ஒருமுறை அல்ல, மூன்று முறை ஃபெயில். ஆனால் படம் வரைவதில் அவரை அடிக்க ஆளில்லை. மனதில் தோன்றும் எந்திரத்தை அளவுகோல் இல்லாமல் கையாலேயே வரைந்துவிடுவார். அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது.

1930-களில் ஜார்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து, சொந்தமாக ஒரு பந்தயக் கார் செய்தார். ஓய்வு நேரத்தில், கைக்கருவிகளை வைத்தே செய்ததால் பல வருடங்கள் பிடித்தன. பக்கச் சுவர்களுக்கு அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட். கனம் குறைவு, ஆனால் வளையாது!

ஏன் வளையக் கூடாது? செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை எடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு இரு கைகளால் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கும். மூடியைப் போட்டு நன்றாக ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது! காரின் உடம்பு மூடியில்லாத பெட்டி மாதிரி இருந்தால், வளைவில் திரும்பும்போது அது முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் ஒன்று சொல்ல, சக்கரம் வேறொன்று செய்யும்.

பிறகு மோரிஸ் கம்பெனியில் வேலை. 1948-ல் வெளிவந்த அவருடைய மோரிஸ் மைனர் கார் நம் நாட்டிலும் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது. அதன் மாதிரிக் கார் ஒல்லியாகத் தெரிந்ததாம். உடனே அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தார்! அந்த அகலமே முடிவானது.

1956-ல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. சிக்கனமான சின்னக் கார் வேண்டும் என்றது கம்பெனி. பத்தடி நீளம்தான், ஆனால் நான்கு பேர் உட்கார வேண்டும். எப்படி? எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார் இசிகோனிஸ். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியிலேயே செருகினார். பத்து அங்குலச் சக்கரங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில், நண்பர் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகள்.

ஸ்டியரிங்குக்கு ரேக் அண்ட் பினியன். ஒரு சின்னப் பல்சக்கரம், பற்கள் உள்ள ஒரு தண்டை இடமும் வலமும் தள்ளும், அவ்வளவுதான். நடுவில் அதிக இணைப்புகள் இல்லாததால் ஆட்டம் குறைவு.

ஆனால் முதல் மாதிரிக் கார்களை மேடு பள்ளத்தில் ஓட்டியபோது, சக்கரங்களைத் தாங்கும் இடங்களில் தகடு விரிசல் விட்டது! முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என உறுதியான இரும்புச் சட்டங்களைச் சேர்த்தார்கள். விரிசல் நின்றது, காரும் கெட்டிப்பட்டது.

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளியானது. மழை பெய்தால் தரைத் தகட்டு இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, காலுறை நனைந்த கதையும் உண்டு! அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. காரில் ரேடியோ வைப்பதும் இசிகோனிஸுக்குப் பிடிக்காது. ரொம்பப் பிடிவாதக்காரர்!

பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் ஒருநாள் மினியை ஓட்டினார். அது வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்த்து அசந்துபோனார். இதைப் பந்தயத்துக்குத் தயார் செய்யலாம் என்றார். இசிகோனிஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்த கார் ஆயிற்றே! மேலதிகாரி சம்மதித்ததால் 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில், பனி மூடிய மலைப்பாதைகளில் நடக்கும் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களைத் தோற்கடித்தது இந்தக் குட்டி.

பின்னாளில் ‘ஹாட் ஹேட்ச்’ என்று பெயர் பெற்ற வேகமான குட்டிக் கார்களுக்கெல்லாம் இதுதான் தாத்தா. அந்தப் பேரன்களுக்குப் பின்பக்கம் மேலே திறக்கும் பெரிய கதவு உண்டு. கதவுக்காக விட்ட அந்தப் பெரிய ஓட்டையோடு உடம்பு முறுக்காமல் பார்த்துக்கொள்வது எஞ்சினியர்களுக்குப் பெரும்பாடு. நம் அட்டைப்பெட்டி ஞாபகம் வருகிறதா?

1969-ல் இசிகோனிஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. மினிக்குப் பதிலாக இன்னும் சின்னதாக ஒரு காரை வடிவமைத்தார். கம்பெனி அதைத் தயாரிக்கவே இல்லை. 1971-ல் ஓய்வு பெற்று, 1988 அக்டோபர் 2-ல் காலமானார். மினியோ 2000-ம் ஆண்டு வரை, 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

1983-ல் வந்த நம் மாருதி 800-லும் எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கும். கோவை கரிவரதன் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தது இந்த மாருதி எஞ்சினை வைத்துத்தான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பழைய மாருதி 800 பானட்டைத் திறந்து நின்றால், மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு எட்டிப் பாருங்கள்.