பத்மா நதி வளர்த்த கவி

கல்கத்தாவின் ஜோராசங்கோ மாளிகையில் 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் பிறந்தவர் ரவீந்திரநாத தாகூர். செல்வக் குடும்பம், ஆயினும் அவரது பிள்ளைப் பருவம் வேலையாட்களின் காவலில் கழிந்தது. சியாம் என்னும் பணியாள் அவரை ஓரிடத்தில் அமர்த்தி, சுண்ணக் கட்டியால் சுற்றிலும் வட்டமிட்டுவிட்டுப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதாதேவிக்கு நேர்ந்ததை அறிந்திருந்த பாலகன் அசையாமல் இருப்பான். ஜன்னலுக்குக் கீழே ஒரு குளம். அதன் கரையில் பழைய ஆலமரம். பகலெல்லாம் அவற்றையே பார்த்திருப்பான். எட்டாத இயற்கைமீது எழுந்த அந்த ஏக்கமே அவருக்கு முதல் குருவாயிற்று.

1873-ல் உபநயனம் முடிந்தபின், தந்தை மகரிஷி தேவேந்திரநாதர் மகனை இமயச் சாரலிலுள்ள டல்ஹௌசிக்கு அழைத்துச் சென்றார். விடியுமுன் எழுப்பி வடமொழி கற்பித்தார். விண்மீன்களைக் காட்டி வானசாஸ்திரம் புகட்டினார். மலைக்காட்டில் மகன் தனியே திரிவதை அவர் தடுக்கவில்லை. வட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் பெரும் பிரசாதம்.

பின்னர், 1890-களில், குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அவரை இன்றைய வங்கதேசத்திலுள்ள ஷிலைதஹாவிற்குக் கொண்டு சேர்த்தது. பத்மா நதியில், படகு வீட்டில் பல நாட்கள் தனித்திருந்தார். ஆனால் அத்தனிமை அவரை மனிதர்களிடமிருந்து பிரிக்கவில்லை. மாளிகையில் காணாத ஏழைக் குடியானவரின் சுகதுக்கங்களை அங்கேதான் அருகிருந்து கண்டார். அவை சிறுகதைகளாயின, நதியும் வானமும் கவிதைகளாயின.

1901-ல் சாந்திநிகேதனத்தில், மரநிழலில் பாடம் நடக்கும் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து வந்தவை சோதனை ஆண்டுகள். 1902-ல் மனைவி மிருணாளினி தேவி, 1903-ல் மகள் ரேணுகா, 1905-ல் தந்தை, 1907-ல் இளைய மகன் சமீந்திரநாதன் என ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். எனினும் அவர் பள்ளியைக் கைவிடவில்லை, பாடுவதையும் நிறுத்தவில்லை. 1910-ல் வங்காளி மொழியில் 'கீதாஞ்சலி' வெளிவந்தது.

1912-ல் இங்கிலாந்துப் பயணம் உடல்நலக் குறைவால் தள்ளிப்போக, ஓய்வுக்காக மீண்டும் ஷிலைதஹா சென்றார். அந்த ஓய்விலேதான் தம் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கத் தொடங்கினார். மறு ஆண்டே நோபல் பரிசு அவரை நாடி வந்தது. இலக்கியத்திற்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

1941 ஆகஸ்ட் 7-ஆம் நாள், பிறந்த மாளிகையிலேயே அவரது வாழ்வு நிறைவுற்றது. தனிமை அவருக்கு உலகை விட்டு ஓடும் வழியாக இருக்கவில்லை. உலகைத் தெளிவாகக் காணும் கரையாக இருந்தது. ஆரவாரம் மிகுந்த நம் நாட்களிலும் சற்று நேரம் மௌனமாக ஒரு மரத்தடியில் அமர்ந்தால், நமக்கும் அக்கரை தென்படும்.