நிவேதிதை ஏற்றிய விளக்கு

பெண்களின் சிக்கல்களைப் பெண்களே தீர்க்க வேண்டும். பிறர் செய்யத்தக்கது அவர்களுக்குக் கல்வி அளிப்பதே என்பது சுவாமி விவேகானந்தரின் உறுதியான கருத்து. அப்பணிக்கென அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் 1898 ஜனவரியில் கல்கத்தா வந்து, சகோதரி நிவேதிதை ஆனார். அவ்வாண்டு நவம்பர் 13 அன்று, பாக்பஜாரில் அவரது பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தொடங்கி வைத்தார்.

பெண்களை வெளியே அனுப்பத் தயங்கிய இல்லங்களின் வாசல்தோறும் சென்று நிவேதிதை மாணவியரைத் திரட்டினார். இளவயதுத் திருமணம் பலரது படிப்பை இடையில் நிறுத்தியது, பொருள்முடையும் வாட்டியது. நூல்கள் எழுதிப் பெற்ற வருவாயையும் பள்ளிக்கே அளித்தார்.

1911-இல் அவர் உடல் நீத்தார், பணி நிற்கவில்லை. 1954-இல் துறவுநெறிப் பெண்களுக்கென ஸ்ரீசாரதா மடம் அமைந்தபோது, அதன் முதல் தலைவியானவர் அப்பள்ளி மாணவி சரளாதேவி. பின்னாளில் பிரவ்ராஜிகா பாரதிபிராணா. சுவாமிஜியின் எண்ணம் செயல்வடிவம் பெற்றது.