நிர்வாகக் கல்வியின் முன்னோடியும் ஒரு புகைப்படமும்

அரச சேவையில் பல ஆண்டுகள் பணியாற்றிப் பொறுப்புவாய்ந்த பதவிகளை அடைந்துவிட்ட உத்தியோகத்தர்கள், மீண்டும் மாணவர்களாக விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து பொது நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டத்துக்காகக் கற்பது இன்று உலகின் பல நாடுகளில் வழமையாகிவிட்டது. இத்தகைய கற்கைநெறிகளில் தவறாது எடுத்துரைக்கப்படும் பெயர்களுள் ஒன்று வூட்ரோ வில்சன். ஐக்கிய அமெரிக்காவின் 28ஆவது ஜனாதிபதியான அவரை, முதலாம் உலக மகாயுத்த காலத்துத் தலைவராகவும் சர்வதேச சங்கத்தின் கர்த்தாவாகவும் நம்மில் பலர் அறிவோம். நிர்வாகம் என்பது தனியாகக் கற்கப்பட வேண்டிய ஒரு துறை என அமெரிக்காவில் முதன்முதலாக வாதிட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதை அறிந்தோர் குறைவு. அக்கல்வி அவரது கைகளிலேயே எங்கே தவறியது என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு.

வில்சன் 1856 டிசம்பர் 28ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்திலே ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகனாகப் பிறந்தார். அடிமை முறையை நியாயப்படுத்திய தென்பகுதிச் சமூகத்திலே, உள்நாட்டு யுத்தத்தின் அழிவுகளுக்கு மத்தியில் அவரது பிள்ளைப் பருவம் கழிந்தது. வாசிக்கக் கற்றுக்கொள்வதில் சிறுவயதில் பெரிதும் இடர்ப்பட்ட அவர், 1879இல் பிரின்ஸ்டனில் பட்டதாரியானார். அட்லாண்டா நகரில் சட்டத்தொழிலை ஆரம்பித்தார், அது கைகூடவில்லை. 1883இல் போல்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1886இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்க ஜனாதிபதிகளுள் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அக்காலத்து அமெரிக்க அரச சேவையின் நிலையை நாம் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளர்களுக்கு அரச பதவிகளைப் பங்கிட்டுக் கொடுப்பதே வழக்கமாயிருந்தது. 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்ட், தனக்குப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் இருந்த ஒருவனால் சுடப்பட்டு உயிரிழந்தார். இதனால் எழுந்த பொதுமக்களின் சீற்றமே 1883இன் பென்டில்டன் சட்டத்துக்கு வழிவகுத்தது. சமஷ்டி அரசாங்கப் பதவிகளில் ஒரு பகுதியேனும் போட்டிப் பரீட்சையின் மூலம், தகைமையின் அடிப்படையில் நிரப்பப்படலாயிற்று.

இந்தப் பின்னணியிலேதான் வில்சன் நிர்வாகத்தைக் கற்பது பற்றிய தமது கட்டுரையை 1887 ஜூன் மாதம் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 30. சட்டத்தை ஆக்குவது ஒன்று, அதனை நாள்தோறும் நடைமுறைப்படுத்துவது இன்னொன்று என்பது அவர் வாதம். கட்சி அரசியலின் அவசரங்களிலிருந்து நிர்வாகத்தைப் பிரித்து, அதனை ஒரு தொழில்முறையாகக் கற்க வேண்டும் என்றார். முடியாட்சி நிலவிய ஐரோப்பிய நாடுகளிலிருந்துகூட நிர்வாக நுட்பங்களைக் கற்கலாம் என்று கூறிய அவர், அதற்கு ஓர் உவமையையும் கையாண்டார். கொலை செய்யும் எண்ணமுடையவன் கத்தி தீட்டுவதைப் பார்த்து, அவனது எண்ணத்தை ஏற்காமலே தீட்டும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்பதே அந்த உவமை. நுட்பம் வேறு, நோக்கம் வேறு என்ற இந்தப் பிரிவினையே பின்னாளில் அவரைச் சோதித்தது.

அக்கட்டுரை வெளியான காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பல தசாப்தங்களின் பின்னரே பொது நிர்வாகத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. ஆயினும் வில்சன் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1888 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பட்டப்பின் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நிர்வாகம் பற்றி விரிவுரையாற்றினார். 1890இல் பிரின்ஸ்டனில் பேராசிரியரானார். 1902இல் அதன் தலைவரானார். 1910இல் நியூ ஜேர்சி மாநில ஆளுநராகவும் 1912இல் ஜனாதிபதியாகவும் தெரிவு செய்யப்பட்டார்.

ஆட்சியில் அவர் சாதித்தவை சிறியன அல்ல. மத்திய வங்கி முறைமைக்கான சமஷ்டி ஒதுக்கச் சட்டம் 1913இல் நிறைவேறியது. சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 1914இல் உருவானது. புகையிரத ஊழியருக்கு எட்டு மணிநேர வேலைநாள் 1916இல் சட்டமாயிற்று. நிர்வாகத்தைக் கற்ற ஒருவர் அரசை நடத்தினால் எதனைச் செய்யலாம் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

ஆனால் அதே அரசாங்கத்தின் அலுவலகங்களுக்குள்ளே வேறொன்று நடந்தது. 1912 தேர்தலில் நீதியான நடத்துகை கிடைக்கும் என நம்பிக் கறுப்பினத் தலைவர்கள் சிலர் வில்சனை ஆதரித்திருந்தனர். அவர் பதவியேற்ற அடுத்த மாதமே, தபால் திணைக்களத்துக்குப் பொறுப்பாயிருந்த பேர்ள்சன், கறுப்பின ஊழியரையும் வெள்ளையின ஊழியரையும் பிரித்துவைக்கும் யோசனையை அமைச்சரவையில் முன்வைத்தார். வில்சன் அதனைத் தடுக்கவில்லை. தபால் திணைக்களத்திலும் திறைசேரியிலும் ஒன்றாக இருந்து வேலை செய்தவர்கள் பிரிக்கப்பட்டனர். உணவருந்தும் இடங்களும் மலசலகூடங்களும் வேறாக்கப்பட்டன.

1914இல் மற்றுமொரு விதி வந்தது. அரச பதவிக்கு விண்ணப்பிப்போர் தமது புகைப்படத்தை இணைக்க வேண்டும் என்பதே அது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்கென்று காரணம் கூறப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சாதாரண அலுவலக ஒழுங்கு. ஆனால் சித்தியடைந்தோர் பட்டியலிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்யும் அதிகாரியின் கண்ணுக்குப் புள்ளிகளோடு தோலின் நிறமும் இனித் தெரியும். கறுப்பினப் பட்டதாரிக்குத் திறந்திருந்த பரீட்சை வாசல், எந்தச் சட்டத்தையும் மாற்றாமலே பாதி மூடப்பட்டது. அக்கால ஊழியர் பதிவேடுகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த பொருளியலாளர்கள், இரு இனத்தவரினதும் சம்பள இடைவெளி அந்த ஆட்சியில் விரிவடைந்ததை எடுத்துக்காட்டியுள்ளனர்.

1914 நவம்பரில், ஹார்வார்ட் பட்டதாரியும் பொஸ்டன் நகரப் பத்திரிகையாசிரியருமான வில்லியம் மன்ரோ ட்ரொட்டர் ஒரு தூதுக்குழுவுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்று முறையிட்டார். உரசலைத் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு என்றும், இது ஊழியரின் நன்மைக்கானதே என்றும் வில்சன் விளக்கமளித்தார். பல ஆண்டுகளாக எவ்வித உரசலுமின்றி ஒன்றாகவே வேலை செய்துவந்தோமே என ட்ரொட்டர் மறுத்துரைத்தார். அவர் பேசிய தொனியால் சினமடைந்த ஜனாதிபதி, மீண்டும் வருவதாயின் வேறொருவரைப் பேச்சாளராகக் கொண்டுவருமாறு கூறிச் சந்திப்பை முடித்துக்கொண்டார். முறைப்பாட்டின் உள்ளடக்கத்தை விட்டு, முறையிட்டவரின் தொனியைக் குற்றமாகக் காணும் அதிகாரிகளை நாம் எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் சந்தித்திருப்போம்.

யுத்தத்தின் பின் உலக சமாதானத்துக்காக வில்சன் பாடுபட்டார். 1919ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதே 1919இல் பாரிஸ் மாநாட்டில், இனச் சமத்துவத்தை ஏற்கும் வாசகமொன்றை ஜப்பான் முன்மொழிந்து பெரும்பான்மை ஆதரவு கிடைத்தபோது, ஏகமனதான சம்மதம் இல்லையென்று அதனைத் தள்ளிவைத்தவரும் தலைமை வகித்த அவரே. அவ்வாண்டு ஒக்டோபரில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அவர் வடிவமைத்த சர்வதேச சங்கத்தில் அவரது நாடே சேரவில்லை. 1924 பெப்ரவரி 3ஆம் திகதி வொஷிங்டனில் காலமானார்.

பிரின்ஸ்டனில் 1930இல் ஆரம்பிக்கப்பட்ட பொது விவகாரக் கல்லூரிக்கு 1948இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. ஏற்கனவே பல ஆண்டுகள் பணியனுபவம் பெற்றவர்களுக்கான ஓராண்டு முதுமாணிக் கற்கைநெறியையும் அக்கல்லூரி நடத்துகின்றது. வில்சனின் பெயரை நீக்குமாறு 2015இல் மாணவர்கள் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்து போராடினர். முதலில் மறுத்த பல்கலைக்கழகம், 2020 ஜூன் மாதம் அப்பெயரை நீக்கியது.

பெயரை நீக்கியது சரியா, பிழையா என்பது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. அவரது கட்டுரையை வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். மாறாக, அனுபவமுள்ள உத்தியோகத்தர்கள் அதனை அந்தப் புகைப்பட விதியோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே நமது கருத்து. புதிதாகச் சேவைக்கு வருபவருக்கு விதிகளைக் கற்பித்தால் போதும். விதிகளை ஆக்கும் இடத்துக்கு வந்துவிட்டவர், தம் கையொப்பம் யாருடைய வாசலைத் திறக்கிறது, யாருடைய வாசலை மூடுகிறது என்பதையும் கற்றாக வேண்டும். அன்று அந்தச் சுற்றறிக்கைகளை எழுதியவர்களும் அனுபவமிக்க அதிகாரிகளே. திறமைக் குறைவு அவர்களிடம் இருக்கவில்லை. கத்தி நன்றாகவே தீட்டப்பட்டிருந்தது. அது எதற்காக என்று எவரும் கேட்கவில்லை. சேவையில் எண்ணிக்கையால் சிறியவர்களாக இருப்போருக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கும் ஓர் அதிகாரி பட்டங்கள் பல பெற்ற பத்துப் பேரிலும் மேலானவர்.