ஓடையில் கரையும் நைதரசன்: பிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கையும் வட்டவளையின் தண்ணீரும்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஏபர் முறை நினைவிருக்கும். நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா செய்யும் முறை அது. பரீட்சைக்குச் சமன்பாட்டைப் பாடமாக்கினோம். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. வட்டவளைத் தோட்டங்களின் ஓடைகளில் உரம் கலப்பது பற்றி எழுதுவதற்காகத் தகவல் தேடியபோதுதான் அவருடைய வாழ்க்கையை நான் வாசித்தேன்.

பிரிட்ஸ் ஹேபர் 1868இல், அப்போது ஜேர்மனியின் வசமிருந்த பிரெஸ்லோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் வயல்கள் சிலி நாட்டுப் பாலைவனத்தில் தோண்டியெடுத்த நைத்திரேற்று உப்பைப் பெரிதும் நம்பியிருந்தன. காற்றில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் பயிருக்கு அது நேரடியாக உதவாது. 1909இல் உயர் அமுக்கத்தையும் வெப்பத்தையும் ஊக்கியையும் கொண்டு காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார் ஹேபர். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த முறையில் கிடைக்கும் பசளையில் தங்கியிருக்கிறது.

அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் தொடங்கியது. சிலி உப்பின் வரவு தடைப்பட்ட ஜேர்மனிக்கு, அதே அமோனியா வெடிமருந்தின் மூலப்பொருளாயிற்று. ஹேபர் அத்துடன் நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரீன் வாயு திறந்துவிடப்பட்டபோது, அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அவர். சில நாட்களில் அவருடைய மனைவி கிளாரா, தானும் ஓர் இரசாயன விஞ்ஞானி, அவருடைய கைத்துப்பாக்கியால் தன்னைச் சுட்டு இறந்தார். ஹேபர் மீண்டும் போர்முனைக்குப் போனார். 1918ஆம் ஆண்டுக்கான நொபெல் பரிசு அவருக்கே கிடைத்தது.

இந்த இரட்டை முகம் நமக்குப் புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்கிற்குக் கொண்டுபோக முடியாத பொருட்களில் யூரியாவும் இருந்தது. ஒருவருக்குப் பசளையாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வெடிபொருளாகத் தெரிந்தது. நடுவில் நின்றவர் தோட்டக்காரர்.

போருக்குப் பின் ஜேர்மனியின் நட்டஈட்டைக் கட்ட, கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று ஹேபர் நம்பினார். கப்பல்களில் ஆய்வுகூடம் அமைத்து ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைச் சோதித்தார். அவர் நம்பியிருந்த அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு தங்கம்தான் கடலில் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. இன்று ஆய்வாளர்கள் ஆறுகளில் மாதிரி எடுத்து அவருடைய நைதரசனையே தேடுகிறார்கள்.

வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். செடியடியில் போட்ட உரத்தில் ஒரு பகுதி கானுக்குப் போய், அங்கிருந்து ஓடைக்குப் போகிறது. லயங்களின் மலசலகூடக் குழிகளும் மாட்டுக் கொட்டில்களும் அதே சரிவில்தான் இருக்கின்றன. ஓடை கெட்டால் முதலில் விரல் நீளுவது லயத்தை நோக்கி. விரல் நீட்டுவதற்கு முன் அளந்து பார்க்க வழியிருக்கிறது.

காற்றின் நைதரசனில் எடை கூடிய சமதானி 0.37 சதவீதம் அளவில் உண்டு. காற்றிலிருந்து செய்த யூரியாவிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். மலக்கழிவிலும் சாணத்திலும் எடை குறைந்த நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிட, எடை கூடியது அதிகமாக மிஞ்சும். நீரிலுள்ள நைத்திரேற்றில் இந்த விகிதத்தை அளந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் துப்புக் கிடைக்கும். மண்ணின் நுண்ணுயிர்கள் விகிதத்தைக் கலைக்கும் என்பதால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையோடையும் சேருமிடத்திற்கு மேலும் கீழும் மாதிரி எடுக்க வேண்டும். மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் எடுக்க வேண்டும். மழையோடு ஏறினால் பெரும்பாலும் மேலிருந்து கழுவி வந்தது. வெயிலிலும் குறையாவிட்டால் குழிக்கசிவைச் சந்தேகிக்கலாம்.

உரமே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டபோது கொழுந்து குறைந்தது. நிறுவைக் கிலோவில் பேர் போடும் தொழிலாளியின் கூலியில் அது விழுந்தது.

இது மலையகத்தோடு முடிகிற விடயமும் அல்ல. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நச்சுப்பாசி பெருகியது. வட்டவளையின் சரிவுநீர் சேரும் மகாவலி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டுவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அங்கும் பசளையா, மலக்குழியா என்பதே கேள்வி.

1933இல் ஹிட்லரின் ஆட்சி யூத ஊழியர்களை நீக்கச் சொன்னபோது ஹேபர் பதவியை விட்டார். நாட்டை விட்டும் போனார். 1934 ஜனவரி 29ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசலில் இறந்தார். அவருடைய நிறுவனத்தில் பூச்சிகொல்லியாகத் தொடங்கிய சயனைட்டு வாயு பின்னர் முகாம்களில் யூதர்களைக் கொல்லப் பயன்பட்டது. இறந்தவர்களில் அவருடைய உறவினர்களும் உண்டு.

தான் செய்த பொருள் எங்கே போய்ச் சேரும் என்பது ஹேபரின் கையில் இருக்கவில்லை. ஓடையில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது நம் கையில் இருக்கிறது. அந்த அளவீட்டின் முடிவு, பீலியில் தண்ணீர் பிடிக்கும் குடும்பங்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொல்லப்பட வேண்டும்.