பந்துக்கு இல்லாத தீட்டு!

புத்தூர் நால்ரோட்டிலிருந்து உய்யக்கொண்டான் கரைப்பக்கம் மாலையில் நடந்து பாருங்கள். சந்துக்குச் சந்து சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடிக் களைத்ததும் ஒரே செம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் நமக்குப் பல்வங்கர் பாலுவின் நினைவு வருகிறது. அந்த ஒரு வாய்த் தண்ணீர் மறுக்கப்பட்ட மாவீரன் அவர்!

யார் இந்தப் பாலு? மாளிகையிலே பிறந்த மகாராஜா அல்ல. 1876இல் தார்வாரில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமார் குலத்திலே பிறந்தவர். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்குவதும், உருளை இழுப்பதுமே அவருடைய முதல் வேலை. கூலி மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர் கிளப்பிலே 4 ரூபாய். அங்கே வலை கட்டினார். துரைமார் பழகுவதற்காக மணிக்கணக்கில் இடக்கையால் பந்து போட்டார். கிரெய்க் என்னும் பேர்பெற்ற துரையே அவருடைய சுழற்பந்திலேதான் பயிற்சி பெற்றார். ஆனால் மட்டை மட்டும் பாலுவின் கைக்கு வரவில்லை. பந்து போடுவது கூலியாள் வேலை. அடிப்பது துரை வேலை!

வெள்ளையரை வெல்ல ஆசைப்பட்ட பூனா இந்துக்கள், தயங்கித் தயங்கிப் பாலுவை அழைத்தார்கள். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தைத் தாங்களும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும்? அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, உள்ளே. அவருக்கு மண் குவளை, வெளியே! சாப்பாடும் தனி இடத்தில். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எங்கிருந்து வந்தது? வெற்றிக்கு அவர் கை வேண்டும். விருந்துக்கு அவர் வேண்டாம்!

பின்னர் பம்பாய் வந்தார். பொன்மலைத் தோழர்களே, அவரும் உங்களைப் போல ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர்தான். 1906இல் வெள்ளையர் அணியை இந்துக்கள் 109 ரன்களில் வீழ்த்தினார்கள். அதில் பாலு சாய்த்த விக்கெட்டுகள் 8. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் 114 விக்கெட்டுகளைக் குவித்தார். தலைமை மகாராஜாவுக்கு, உழைப்பு பாலுவுக்கு!

ஊர் திரும்பிய பிறகாவது இந்து அணியின் தலைமை கிடைத்ததா? இல்லை. ஆற்றலில் குறைந்தவர்கள் தலைவரானார்கள். 1920இல் அவருடைய தம்பிமார் விட்டலும் சிவராமும் மானம் பெரிதென்று ஆட்டத்தை விட்டு விலகினார்கள். ஆதிக்கம் அசைந்தது, பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவராகி வெள்ளையரை வென்றார். கெஞ்சிக் கிடைத்ததல்ல அது. விலகி நின்று வென்றது!

அரசியலில் பாலு அண்ணல் அம்பேத்கரோடு மாறுபட்டார். 1932இல் தனித்தொகுதிக் கோரிக்கையை எதிர்த்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அவரையே எதிர்த்து நின்று தோற்றார். மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் குடித்த மண் குவளை அதனால் பொய்யாகிவிடாது.

1955இல் அவர் மறைந்தார். இன்று ஆட்டக்காரர்கள் கோடிகளில் விலை போகிறார்கள். வாழ்த்துவோம். ஆனால் அந்த மைதானத்தில் வெயிலில் உருளை இழுப்பவனையும் ஒரு கணம் பாருங்கள், தோழர்களே! அவனுக்குள்ளும் ஒரு பாலு இருக்கக்கூடும். அவன் கையில் பந்தைக் கொடுப்போம், மட்டையையும் கொடுப்போம், நம் கோப்பையிலேயே தேநீரும் கொடுப்போம்!