காலங் கண்ட பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை

தமிழ் பயிலும் மாணவர் எந்த நூலைக் கையிலெடுப்பினும், அதன் பொருளில் நுழைவதற்கு முன்னரே ஒரு வினா எதிர்ப்படுகின்றது. இந்நூல் எக்காலத்தது என்பதே அவ்வினா. விடை எளிதிற் கிடைப்பதில்லை. ஆசிரியர் தம் காலத்தைச் சொல்லார். உரையாசிரியர் அதனை ஒரு பொருட்டாக எண்ணார். ஏடெழுதியவரோ தாம் எழுதி முடித்த நாளை மட்டும் இறுதியிற் குறித்து ஓய்வர். இவ்வினாவிற்கு மனச்சார்பால் அன்றிச் சான்றால் விடை காண வேண்டுமெனத் தமிழருள் முன்னின்று முயன்ற சிலருள் ஒருவர் மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. நாடக ஆசிரியராக அவரை அறியாதார் இலர். காலவாராய்ச்சியாளராக அறிந்தார் சிலரே. அவர் ஆராய்ந்த கற்களுட் சில நம் நாஞ்சில் நாட்டிலும் அதன் அயலிலும் உள்ளவை. ஆதலின் அவர் வாழ்க்கையின் இப்பகுதியைச் சற்று விரித்தெழுத விழைகின்றேன்.

அவர் பிறந்தது 1855ஆம் ஆண்டு, ஆலப்புழையில். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மை. மதுரையினின்று அங்குச் சென்று வணிகத்தால் நிலைபெற்ற குடும்பம். இளமையில் தமிழ் கற்பித்தவர் நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. இவரே பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராயினார் என்பது நினைக்கத்தக்கது. திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியிற் பயின்று 1876இல் பி. ஏ. பட்டம் பெற்றார். பின் திருநெல்வேலியில் ஆங்கிலக் கல்விச்சாலை ஒன்றன் தலைமையாசிரியராக இரண்டாண்டளவு இருந்தார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராக அடைந்ததும் அக்காலத்தேயாம். 1880இல் எம். ஏ. பட்டம். இடையே அரசிறை அலுவலிற் சில ஆண்டு கழித்து, 1885இல் தம் ஆசிரியர் டாக்டர் ஆர்வி அவர்களின் இடத்தில் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். ஆசிரியரிடத்து அவர்க்கிருந்த அன்பு பெரிது. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தை அவர்க்கே உரிமையாக்கினார். தமக்கு வாய்த்த நிலத்திற்கும் ஆர்விபுரம் என்றே பெயரிட்டார்.

தத்துவம் கற்பித்தவர் கல்வெட்டிற் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்துத் திருவிதாங்கூர்ச் சரித்திரமென வழங்கியது பெரும்பாலும் புராணமும் செவிவழிக் கதையும் கலந்தது. சங்குண்ணி மேனவன் 1878இல் வெளியிட்ட வரலாறும் பழங்காலத்தைப் பொறுத்தவரை அவ்வகையினதே. அரசர் பெயர்கள் நிரல்பட நின்றன. ஆனால் அவர்கள் எப்பொழுது ஆண்டனர் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. கோயிற் சுவர்களிலோ ஆண்டும் மாதமும் நாளும் பொறித்த சாசனங்கள், படிப்பாரின்றிச் சுண்ணாம்பு பூசப்பெற்றுக் கிடந்தன. வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் அமைந்த அவற்றைப் பேராசிரியர் தம் ஆசிரியப் பணிக்கிடையே தேடிப் படித்தார், படியெடுத்தார், ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார்.

இங்கே கொல்லம் ஆண்டைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தமையால், நம் வீடுகளிலுள்ள பழைய பத்திரங்களில் இவ்வாண்டைக் காணலாம். இது கி.பி. 825இல் தொடங்கியது. தென்பகுதியில் ஆண்டுப் பிறப்பு ஆவணி முதல் நாள். ஆதலின் ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டுக. அதன்பின் 825ஐக் கூட்டுக. வட மலபாரிலோ ஆண்டு புரட்டாசியில் பிறக்கும். ஆகவே ஒரே எண்ணை எழுதிய இருவர், அவர்தம் ஊர் நோக்கி, ஒரு மாத காலம் வெவ்வேறு ஆண்டினராவர். எண் ஒன்றே, அதனைப் படிக்கும் முறை இடத்திற்கு இடம் வேறு. நற்பேறாக, நம் பக்கத்துச் சாசனங்கள் பல ஆண்டெண்ணோடு நில்லாமல் வியாழன் நின்ற இராசியையும், கிழமையையும், நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லும். ஒன்று பிழைத்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

நாகர்கோவில் ஒழுகினசேரியிற் சோழராசா கோயில் எனப்படும் இராசேந்திர சோழீச்சுரத்தை நாம் அறிவோம். பழைய சாசனங்களில் அது கோட்டாற்றைச் சார்ந்தது. அங்குள்ள கொல்லம் 301ஆம் ஆண்டுச் சாசனம் வேணாட்டரசர் வீர கேரள வர்மரைக் குறிக்கின்றது. கி.பி. 1125, 1126ஐ ஒட்டிய காலம் அது. சோழன் பெயரால் எழுந்த கோயிலில் வேணாட்டு மன்னன் அறக்கட்டளை நிறுவுகின்றான் எனின், அவ்வாண்டிற்குள் நாஞ்சில் நாட்டிற் சோழர் கை தளர்ந்தது என்று கொள்ள இடமுண்டாகிறது. ஓர் ஆண்டெண் இத்துணையும் பேசும். தக்கலைப் பக்கத்து மணலிக்கரையிலுள்ள சாசனம் இன்னும் அருமையுடையது. கொல்லம் 410, மேட மாதம், எனவே கி.பி. 1235. வீர இரவி கேரள வர்மர் காலத்தது. கோதைநல்லூர்ச் சபையாரும் அரசனுடைய அலுவலரும் கூடி நிலவரியை வரையறுத்து, மழை பொய்த்து விளைவு குன்றிய காலத்தில் நிலத்தைப் பார்வையிட்டு வரியைக் குறைத்துக்கொள்ள உடன்பட்டதை அது சொல்லுகின்றது. குடிகள் சபையாகக் கூடி அரசினரோடு ஒப்பந்தம் செய்தமை கண்டு பேராசிரியர் பெரிதும் உவந்தார். இத்தகைய சாசனங்களைக் கொண்டு 12, 13ஆம் நூற்றாண்டு வேணாட்டரசரை நிரல்படுத்தி 1894இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பின்வந்தோர் அந்நிரலைச் சில இடங்களில் திருத்தியுள்ளனர். ஆயினும் அவர் இட்ட அடிப்படையின் மேலேயே திருத்தினர்.

கல்லில் நாள் உண்டு. ஏட்டில் உள்ள நாளோ வேறு வகையது. பனையோலை நெடுங்காலம் நில்லாது. சிதைவதற்கு முன் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பவர் தாம் எழுதி முடித்த கொல்லம் ஆண்டைக் கடையிற் குறிப்பர். அதனை நூலின் பிறந்தநாளெனக் கொள்பவன் ஏமாறுவான். அது கடைசியாகக் கைப்பட்ட நாள்; அவ்வளவே.

இவ்வேறுபாட்டை நான் தெளிந்தது இலக்கிய வகுப்பில் மட்டுமன்று; கணினி பயிலும் நண்பர் ஒருவர் தம் பாடத்தை விளக்கியபோது கேட்டதனாலும் ஆம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்பிற்கும் மரபாக மூன்று நேரங்கள் பதிவாகும். உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் ஒன்று. கடைசியாகப் படிக்கப்பெற்ற நேரம் ஒன்று. உரிமை, பெயர்நிலை முதலிய விவரங்கள் மாறிய நேரம் ஒன்று. பிறந்த நேரம் அம்மூன்றனுள் இல்லை! நேரத்தை எண்ணுவது 1970 சனவரி முதல் நாள் தொடங்கிக் கழிந்த நொடிகளால்; அதுவும் ஒரு கொல்லம் ஆண்டு போன்றதே. ஒரு கோப்பைப் படியெடுத்தால், பழைய நாளைக் காக்குமாறு தனியே பணித்தாலன்றிப் படிக்குப் புதிய நாளே அமையும். தொடு என்று பொருள்படும் கட்டளை ஒன்று உண்டு. அதனால் எந்தக் கோப்பிற்கும் விரும்பிய நாளை இட்டுவிடலாம். எனவே கோப்பின் மேலுள்ள நாளும் ஏட்டின் கடையிலுள்ள நாளைப் போல ஐயுறத்தக்கதே.

அந்நாளைக் காட்டுவதிலும் ஒருமை இல்லை என்றார் நண்பர். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, ஆறு மாதத்திற்குட்பட்டவற்றிற்கு மணியும் நிமிடமும் காட்டும். அதற்கு முந்தியவற்றிற்கு மணியை விடுத்து ஆண்டை மட்டும் காட்டும். நாளை விரிவாக உரைக்கும் ஸ்டாட் என்னும் கட்டளையோ, லினக்சில் ஒரு முறையாகவும் மாக்கில் வேறு முறையாகவும் வினவப்பட வேண்டும். ஓரிடத்திற்கென எழுதிய நிரல் மற்றோரிடத்தில் பிழைபடும். ஆனால் இரண்டு கோப்புகளை எதிரெதிர் நிறுத்தி, இவற்றுள் பிந்தியது எது எனத் தேடும் கட்டளையைக் கேட்டால், அதற்கு எல்லா யூனிக்ஸ் தளங்களிலும் ஒரே வகையான விடை கிடைக்கும். நாளைச் சொல்வது அரிதாயினும் முன்பின் சொல்வது எளிது.

பேராசிரியர் தமிழிலக்கியத்திற் கையாண்டதும் இம்முறையே. திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றி அந்நாளில் அறிஞரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்த கருத்து கால்டுவெல் ஐயருடையது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் செய்த அப்பெரியார், சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனை, வெனிசு நகரத்து மார்க்கோ போலோ குறிப்பிட்ட சுந்தர பாண்டியனாகக் கொண்டார். ஆகவே சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டினர் ஆயினார். அவரோடு தேவாரமும் கீழிறங்கிற்று. தேவாரத்தைச் சார்ந்து காலங் கணிக்கப்பெற்ற நூல்கள் யாவும் இறங்கின. பெயரொற்றுமை ஒன்றால் தமிழிலக்கியம் அறுநூறு ஆண்டு இளமை எய்தியது.

சுந்தரம் பிள்ளை சினந்து எழுதவில்லை. சம்பந்தர் பிறந்த ஆண்டு யாதென்றும் அவர் முதலில் வினவவில்லை. சம்பந்தரை அறிந்தவர் யாவர், அவருள் முந்தியவர் யாவர் என்றே வினவினார். சம்பந்தரைப் போற்றிப் பாடிய நம்பியாண்டார் நம்பியை மரபு இராசராசனோடு சேர்த்துப் பேசுகின்றது. அவ்வரசன் காலத்துக் கல்வெட்டுகளோ கோயில்களில் திருப்பதியம் ஓதுவார்க்கு நிவந்தம் விதித்தமையைச் சொல்லுகின்றன. இராசராசன் முடிசூடியது 985இல். அவன் காலத்திலேயே ஓதப்பெற்ற பாடல் 13ஆம் நூற்றாண்டில் எங்ஙனம் பிறக்கும்? இவ்வாறு மைல்கற்களை ஒவ்வொன்றாக நட்டுப் பின்னோக்கி நடந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குச் சம்பந்தர் பிந்தியவர் ஆகார் என்ற முடிபிற்கு வந்தார். நூலின் பெயரிலும் மைல்கற்களையே வைத்தார். 1895இல் அது தனி நூலாக வந்தது. அதற்கு முன் அவ்வாராய்ச்சி 1891இல் வெளிவந்த இடம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் சஞ்சிகை. அத்தியட்சர் ஒருவரின் கருத்தை மறுக்கும் கட்டுரைக்கு ஒரு மிசியோன் கல்லூரி தன் ஏட்டில் இடமளித்தது என்பதை, அத்தகைய கல்லூரி ஒன்றன் மலரில் எழுதுங்கால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. கால்டுவெல் ஐயரின் பெருமையும் இதனாற் குறைவதன்று. கல்வெட்டுகள் அச்சேறுவதற்கு முன் எழுதியவர் அவர்.

முடிபிற்குப் பின்னர் வலிமையும் கிடைத்தது. சம்பந்தர் தம் பாட்டிற் குறித்த சிறுத்தொண்டர் வாதாபிப் போரிற் படை நடத்தியவர் எனப் பெரியபுராணம் கூறும். பல்லவன் முதல் நரசிம்மவர்மன் வாதாபியைக் கொண்டது 642ஐ ஒட்டி. இவ்விரண்டையும் கல்வெட்டறிஞர் வெங்கையர் இணைத்துக் காட்டினார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது இன்று பெரும்பாலாரும் ஒப்புவது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லலாம். சுந்தரம் பிள்ளைக்குப் பின், எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்னும் கணித வல்லுநர் திதி, கிழமை, நட்சத்திரம் கொண்டு ஆங்கில நாளைக் கண்டறியும் அட்டவணைகளை அரிதின் முயன்று ஆக்கினார். 1922இல் அவை பல பகுதிகளாக வெளிவந்தன. கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு அவை கண் போன்றவை. அவரே மதுரை எரியுண்ட நாளைப் பற்றிய சிலப்பதிகாரக் குறிப்பைக் கணித்துக் கி.பி. 756 என்றார். கணக்கில் நுட்பம் மிகுதி. ஆயினும் அறிஞர் பலர் ஏற்கவில்லை. கணிக்கப்பெற்ற குறிப்பு நிகழ்ச்சிக்கு உரியதா, பாடிய புலவன் கற்பனையா, பின்னர்ப் புகுந்ததா என்னும் வினாவைக் கணக்கு தீர்க்கமாட்டாது. என் சிற்றறிவிற்கு, நாளைச் சொல்லாது முன்பின் மட்டும் சொன்ன சுந்தரம் பிள்ளையின் முறையே உறுதியுடையதாகத் தோன்றுகின்றது.

1896இல் அரசினர் அவருக்கு இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். மறு ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் அவர் காலமானார். அகவை நாற்பத்திரண்டு. திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசை கோபிநாத ராவ் மேற்பார்வையில் 1910 முதல் வெளிவரத் தொடங்கியது. அவர் படித்த கற்களை அதன்பின் பலர் படித்தனர். காந்தளூர்ச் சாலையை ஆராய்ந்த நம் தேரூர்க் கவிமணியும் அவ்வழி வந்தவரே. அவர் பெயரால் 1990இல் திருநெல்வேலியில் அமைந்த பல்கலைக்கழகத்தோடு நம் மாவட்டக் கல்லூரிகள் பல இணைந்துள்ளன.

அவர் இயற்றிய தமிழ்த் தெய்வ வணக்கத்தைப் பள்ளிப் பருவமுதல் நாம் பாடி வருகின்றோம். பாடியவர் பெயரும் 1891 என்னும் ஆண்டும் நமக்குத் தெரியும். ஆனால் நாம் பாடும் வடிவம் அவ்வாண்டினதன்று. 1970இல் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றபொழுது, பிறமொழிகளைப் பற்றிய சில அடிகளை நீக்கி அமைத்தது. 2021 டிசம்பர் 17ஆம் நாள் மாநிலப் பாடலென அறிவிக்கப்பெற்றதும் அச்சுருங்கிய வடிவமே. நீக்கியது தகுமா தகாதா என்பதில் அறிஞர் இருதிறத்தார். பொதுவிடத்திற் பாடுதற்கு அது தக்கதென்றே யான் கருதுகின்றேன். எனினும் ஆசிரியர் எண்ணியது யாதென அறிய விரும்புவோர் பாயிரத்தை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். மனோன்மணீயப் பதிப்புகளில் அஃது உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்து அடி அடியாக ஒத்துப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.